ஸ்பெல்லோ மலர்க்கம்பளத் திருவிழா: சனி இரவே போய்விட வேண்டுமா?

தூரதேசி | 9 மார்ச் 2025

எல்லோருக்கும் வணக்கம். ஜூன் மாதம் அம்மாவும் அப்பாவும் ஊரிலிருந்து மூனிக்கில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வருகிறார்கள். இத்தாலியில் ஸ்பெல்லோ என்று ஒரு மலையூர் இருக்கிறதாம், அங்கே தெரு முழுக்கப் பூவிதழால் கம்பளம் போடுவார்களாம் என்று அம்மா ஏதோ ஒரு காணொளியில் பார்த்துவிட்டார். அன்றிலிருந்து தொலைபேசியில் வேறு பேச்சே இல்லை. ரோம், வெனிஸ் எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் அந்தப் பூத்தெரு என்கிறார். வாழ்நாளில் இது வேண்டும் என்று அவர் கேட்டு நான் பார்த்தது குறைவு. அதனால் இதைச் சரியாகச் செய்துவிட வேண்டும் என்று எனக்கு ஆசை.

இந்த ஆண்டு ஜூன் 22 ஞாயிறு என்று தெரிந்துகொண்டேன். கம்பளம் போடுவது முதல் நாள் இரவாம். இரவு முழுக்க அங்கே இருப்பது அவசியமா, இல்லை ஞாயிறு காலை போய்ப் பார்த்தாலே போதுமா? அம்மாவுக்கு வயது 68, மூட்டுவலி உண்டு. ஏற்றத்தில் மெதுவாகத்தான் நடப்பார். நாங்கள் கிறிஸ்தவர்கள் இல்லை. வழிபாட்டு நேரத்தில் நாங்கள் அங்கே நிற்பது யாருக்காவது சங்கடமாக இருக்குமா என்பதையும் போய் வந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

நடைபயணி | 9 மார்ச் 2025

காலையில் போனால் போதும். ஏழு மணிக்கு ஊர் வாசலில் இருந்தால் எல்லாக் கம்பளத்தையும் முழுதாகப் பார்த்துவிடலாம். கோவிலிலிருந்து பவனி (ஊர்வலம்) அந்தக் கம்பளங்களின் மேல் நடந்து போவது பதினொரு மணி வாக்கில்தான். இரவில் கூட்டத்தில் நெருக்கியடித்து நிற்பதெல்லாம் இளவயதினருக்குத்தான் சரிவரும். முட்டிவலியோடு அந்தக் கல் ஏற்றத்தில் ராத்திரி நடக்கவைக்க வேண்டாம்.

கற்றாழை | 10 மார்ச் 2025

தூரதேசி, சனி இரவே போங்கள். நடைபயணி அண்ணன் சொல்லும் கஷ்டம் உண்மைதான், அதை மறுக்கவில்லை. அதற்கு வழி இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

நான் பெரூஜியாவில் ஆறு வருடம் இருந்தேன். ஸ்பெல்லோவுக்கு அங்கிருந்து ரயிலில் கொஞ்ச நேரம்தான். இந்தத் திருவிழாவுக்கு நான்கு முறை போயிருக்கிறேன். முதல் முறை ஞாயிறு காலையில் போனேன். அழகாக இருந்தது, படத்தில் பார்த்தபடியே இருந்தது. ஆனால் படத்தில் இல்லாத எதையும் அன்று நான் பார்க்கவில்லை. இரண்டாம் வருடம் சனி மாலை ஆறு மணிக்குப் போய் விடியும்வரை இருந்தேன். அன்றைக்குத்தான் இது என்ன திருவிழா என்று எனக்குப் புரிந்தது.

சனி மதியமே தெருக்களில் கம்பி நட்டு மேலே கித்தான் கட்டிவிடுவார்கள். மழைக்கும் வெயிலுக்கும் மட்டுமில்லை, முக்கியமாகக் காற்றுக்காக. நறுக்கிய இதழை ஒரு காற்று அடித்தால் ஐந்து மணி நேர வேலை பக்கத்துத் தெருவில் கிடக்கும். கித்தானுக்குக் கீழே வரிசையாக விளக்கு. கீழே கல் மேல் பெரிய தாளில் வரைந்த கோட்டோவியத்தை ஒட்டியிருப்பார்கள். சுவரோரம் அட்டைப்பெட்டிகள் அடுக்கடுக்காக, ஒவ்வொன்றிலும் ஒரே நிறம். சிவப்பு என்றால் ஒரு சிவப்பு இல்லை. கார்னேஷன் சிவப்பு, பாப்பி சிவப்பு, காய்ந்து கருத்த ரோஜாச் சிவப்பு என்று தனித்தனிப் பெட்டி. சாயம் போடக் கூடாது, செயற்கைப் பொருள் எதுவும் கூடாது என்பது அந்த ஊரின் கண்டிப்பான விதி. பூ, இலை, மூலிகை, பச்சையாகவோ காய்ந்தோ இருக்கலாம், அவ்வளவுதான். முகத்தில் நிழல் விழும் இடத்துக்கு ஒரு பழுப்பு வேண்டுமென்றால் அந்தப் பழுப்பில் காய்கிற பூ எது என்று வசந்தகாலத்திலேயே தேடிப் பறித்துக் காயவைத்திருக்க வேண்டும். காய்ந்ததைப் பொடித்துச் சலித்து வைத்துக்கொள்கிறார்கள். அதனால் அந்த ஓர் இரவுக்குப் பின்னால் பல மாத வேலை இருக்கிறது.

ஊர்ச் சனம் முழுக்க அன்று தரையில் இருக்கும். பத்து வயதுப் பிள்ளைகள் முதல் பாட்டி வரை. முட்டிக்கு அடியில் பஞ்சுமெத்தை வைத்துக்கொண்டு, சிலர் குப்புறப் படுத்துக்கொண்டு, விரல் நுனியால் வைத்துக்கொண்டே போவார்கள். நடுநடுவே ஒருவர் கைத்தெளிப்பானால் தண்ணீர் தெளித்துக்கொண்டே வருவார், இதழ் வாடாமலும் பறக்காமலும் இருக்க. பச்சைக்குக் காட்டுப் பெருஞ்சீரகச் செடியின் தழையைத்தான் நிறைய நறுக்கிப் போடுகிறார்கள். தெரு முழுக்கச் சோம்பு வாசனை. எந்தக் காணொளியிலும் அது வராது.

மூன்றாம் வருடம் வெள்ளிக்கிழமையே போய்விட்டேன். ஒரு சந்துக்குள் வாசற்படியில் நான்கு வயதான பெண்கள் உட்கார்ந்து ஜினெஸ்ட்ரா என்ற மஞ்சள் புதர்ப்பூவை உதிர்த்துக்கொண்டிருந்தார்கள். நின்று பார்த்தேன். ஒருவர் நகர்ந்து இடம் கொடுத்துக் கையால் தட்டி உட்காரச் சொன்னார். பூத்தொடுக்கிற பழக்கத்தில் நானும் வேகமாகக் கிள்ளிப் போட்டேன். இரண்டு நிமிடத்தில் பக்கத்தில் இருந்த பாட்டி என் விரலைப் பிடித்து நிறுத்திவிட்டார். என் கையில் இருந்த பூவை வாங்கி, அடியில் காம்பு ஒட்டும் இடத்தில் இருக்கும் கடுகளவு பச்சையைக் காட்டினார். அது கலந்தால் மஞ்சள் மங்கிப்போகும் என்று சொல்லி, இதழை மட்டும் முன்னோக்கி இழுத்து எடுப்பது எப்படி என்று மூன்று பூவில் செய்து காட்டினார். அதுவரை நான் போட்டிருந்த குவியலைத் தனியாக ஒதுக்கி, அதையும் ஒவ்வொன்றாகத் திருத்தினார். ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. ஒரு கூடை முடிய ராத்திரி ஒன்பது மணி ஆகிவிட்டது. அடுத்த நாள் அந்தக் கூடை மஞ்சள் ஒரு கம்பளத்தில் ஒளிவட்டமாக இருந்ததைப் பார்த்தேன். அதிகம் போனால் இரண்டு கையகல இடம்.

இதனால்தான் இரவைப் பார்க்கச் சொல்கிறேன்.

அம்மாவுக்கு வழி: இரவு முழுக்க இருக்க வேண்டாம். மாலை ஐந்து மணிக்குள் போய், வெளிச்சம் இருக்கும்போதே மேலே நடந்துவிடுங்கள். ஜூனில் அங்கே ஒன்பது மணி வரை வெளிச்சம் உண்டு. பிறகு ஒரே ஒரு தெருவில் ஒரே ஒரு குழுவின் பக்கத்தில் உட்கார்ந்துவிடுங்கள். எல்லாவற்றையும் பார்க்க அலைய வேண்டாம், அதைக் காலையில் செய்யலாம். ஊருக்குள்ளேயே அறை கிடைத்தால் எடுத்துவிடுங்கள், அம்மா போய்ப் படுத்துவிட்டு விடியலில் எழுந்து வரலாம். ஆனால் அறை இந்நேரம் தீர்ந்திருக்கலாம், இன்றைக்கே தேடுங்கள்.

நடைபயணி | 10 மார்ச் 2025

கற்றாழை எழுதியதைப் படித்த பிறகு என் பதிலைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன். நான் போனது ஒரே ஒரு முறை, அதுவும் காலையில். ஊருக்குள் அறை கிடைத்தால் அவர் சொல்வது சரி. கிடைக்காவிட்டால் என் யோசனைதான் பாதுகாப்பானது, ஏனென்றால் நள்ளிரவுக்கு மேல் ரயில் இருக்காது, வண்டியை மதிலுக்கு வெளியே தூரத்தில்தான் விட வேண்டியிருக்கும்.

பழையஏடு | 12 மார்ச் 2025

தேதி எப்படி வருகிறது என்று யாரும் சொல்லவில்லை, பயணம் திட்டமிட இது தேவைப்படும். இது கிறிஸ்துவின் திருவுடல் திருஇரத்தப் பெருவிழா. இலத்தீனில் கோர்ப்புஸ் கிறிஸ்தி, இத்தாலியர்கள் கோர்ப்புஸ் தோமினி என்பார்கள். உயிர்ப்புப் பெருவிழாவிலிருந்து (ஈஸ்டர்) அறுபதாம் நாளான வியாழன்தான் அதன் பழைய நாள். இத்தாலியில் அதற்கு அடுத்த ஞாயிறுக்கு மாற்றிக் கொண்டாடுகிறார்கள். உயிர்ப்பு ஞாயிறு முன்பின்னாக நகர்வதால் இதுவும் மே கடைசியிலிருந்து ஜூன் கடைசி வரை நகரும். 2024ல் ஜூன் 2, இந்த ஆண்டு ஜூன் 22. இருபது நாள் வித்தியாசம் பூவுக்குப் பெரிய வித்தியாசம். ஜினெஸ்ட்ரா போன்ற காட்டுப்பூவுக்கு ஒரு பருவம் உண்டு. திருவிழா பிந்தி வரும் ஆண்டில் மலையில் இன்னும் மேலே ஏறித்தான் பறிக்க வேண்டும். காயவைத்துச் சேமிக்கும் வழக்கத்துக்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

இந்த விழாவுக்கும் அந்த வட்டாரத்துக்கும் பழைய உறவு இருக்கிறது. 1264ல் திருத்தந்தை நான்காம் அர்பன் இதை முழுத் திருச்சபைக்கும் பொதுவான விழாவாக அறிவித்தது ஓர்வியேத்தோ நகரிலிருந்து. அதுவும் ஸ்பெல்லோ இருக்கும் உம்பிரியாவில்தான் இருக்கிறது. முந்தைய ஆண்டு பொல்சேனாவில் திருப்பலி நேரத்தில் அப்பத்திலிருந்து இரத்தம் கசிந்தது என்ற அற்புதத்தால்தான் விழா பிறந்தது என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். ஆனால் அதற்கும் முன்னால், 1246லேயே இன்றைய பெல்ஜியத்தில் உள்ள லியேஜ் மறைமாவட்டத்தில் ஜூலியானா என்ற துறவியின் விடாமுயற்சியால் இந்த விழா தொடங்கிவிட்டது. அர்பன் திருத்தந்தை ஆவதற்கு முன் அதே லியேஜில் பணியாற்றியவர். ஒரு பெண் பல வருடம் கேட்டுக்கொண்டே இருந்ததன் விளைவு இது. அந்தப் பங்கை மறந்துவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

பூவால் படம் போடுவது அதற்கு நெடுநாள் பிந்தியது. 1625 ஜூன் 29 அன்று, புனித பேதுரு பவுல் திருநாளில், வத்திக்கானின் பூப்பணிகளுக்குப் பொறுப்பாக இருந்த பெனெதெத்தோ திரெய் என்பவர் தம் மகனோடு சேர்ந்து இதழ்களால் தரையில் ஓவியம் அமைத்தார். அதை முதல் இன்ஃபியொராத்தா என்பார்கள், இந்த மலர்க்கம்பளத்துக்கு இத்தாலியில் அதுதான் பெயர். அங்கிருந்து ரோமைச் சுற்றியுள்ள ஊர்களுக்குப் பரவியது. ஜென்சானோவில் 1778லிருந்து நடக்கிறது.

தூரதேசி | 12 மார்ச் 2025

எல்லோருக்கும் நன்றி. கற்றாழை அக்கா, நீங்கள் எழுதியதை அம்மாவுக்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன். அந்தக் கடுகளவு பச்சையை இரண்டு முறை வாசிக்கச் சொன்னார்.

ஜென்சானோ ரோமுக்குப் பக்கம் என்கிறார்கள். அம்மாவுக்கு அது சுலபமாக இருக்குமா?

பழையஏடு | 13 மார்ச் 2025

போவதற்குச் சுலபம், ரோமிலிருந்து சிறு தூரம்தான். அங்கே ஒரே ஒரு ஏற்றமான தெரு, உச்சியில் சாந்தா மரியா தெல்லா சீமா கோவில். அந்தத் தெரு முழுவதும் சுமார் 2000 சதுர மீட்டருக்கு ஒரே தொடர்ச்சியான கம்பளம். கீழே நின்றால் மொத்தமும் ஒரு பார்வையில் தெரியும். ஸ்பெல்லோ அப்படி இல்லை, சந்துக்குச் சந்து திரும்பித் திரும்பி ஒன்றரைக் கிலோமீட்டருக்குத் துண்டு துண்டாக வரும். கண்ணுக்கு ஜென்சானோ, கைவேலைக்கு ஸ்பெல்லோ என்பது என் எண்ணம். ஜென்சானோவில் கடைசியில் திங்கள் மாலை ஊர்க் குழந்தைகள் மேலிருந்து கம்பளத்தின் மேல் ஓடி வந்து கலைப்பார்கள். அதற்கு ஸ்பல்லமென்தோ என்று பெயர். அங்கே தேதி எப்படி என்று தனியாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சாம்பல்நிறம் | 15 மார்ச் 2025

இதைப் படிக்கப் படிக்க எனக்கு மனம் கனக்கிறது. யாரையும் புண்படுத்த எழுதவில்லை. பல மாதம் பறித்து, காயவைத்து, இரவெல்லாம் முட்டி தேய வேலை செய்து, காலையில் மூன்று மணி நேரம் வைத்திருந்துவிட்டு மிதித்துவிடுகிறார்கள். சுற்றி நடக்கக் கூடாதா? இரண்டு நாள் வைத்திருந்தால் இன்னும் எத்தனை பேர் பார்ப்பார்கள்! இன்னொன்று, காட்டுப்பூவை ஊரே சேர்ந்து பறித்தால் தேனீக்கு என்ன மிஞ்சும்? இந்தக் கேள்விகளுக்கு யாராவது நேராகப் பதில் சொன்னால் நன்றாக இருக்கும்.

மணியோசை | 15 மார்ச் 2025

சாம்பல்நிறம், கேட்டதில் தவறே இல்லை. நான் கத்தோலிக்கன், அதனால் உள்ளேயிருந்து சொல்ல முயல்கிறேன்.

எங்கள் ஊர்க் கோவிலிலும் நற்கருணைப் பவனி உண்டு. நற்கருணை என்பது திருப்பலியில் அர்ச்சிக்கப்பட்ட அப்பம். குருவானவர் கதிர்ப்பாத்திரத்தில், அதாவது சுற்றிலும் கதிர் வீசுவதுபோல் செய்த பாத்திரத்தில், நற்கருணையை ஏந்தி வருவார். அவருக்கு முன்னால் வெள்ளை உடுத்திய சிறுமிகள் கூடையிலிருந்து பூவை அள்ளித் தூவிக்கொண்டே பின்னோக்கி நடப்பார்கள். என் தங்கை சிறுவயதில் அப்படி நடந்து கல் தடுக்கி விழுந்திருக்கிறாள், எழுந்து மறுபடியும் தூவினாள். தூவிய பூவை யாரும் மிதிக்காமல் சுற்றிப் போவதில்லை. அந்தப் பூ போடப்பட்டதே அவர் அதன் மேல் நடந்து வருவதற்காகத்தான். ஸ்பெல்லோவிலும் அதேதான் நடக்கிறது, தூவுவதற்குப் பதிலாக ஓர் இரவெல்லாம் வைத்து இழைக்கிறார்கள். நாங்கள் நம்புகிறபடி அந்த அப்பத்தில் இருப்பவர் இறைவன். அவர் தெருவில் இறங்கி வீட்டு வாசலைக் கடந்து போகும்போது, வாசலில் ஒன்றுமில்லாமல் நிற்க மனம் வருமா? சுற்றிப் போனால் அந்த வேலை நிறைவேறாமல் போகும். போட்டவர்களே அதை ஏற்க மாட்டார்கள்.

தூரதேசி கேட்டதற்கும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் தாராளமாக நிற்கலாம். நற்கருணை கடக்கும் சில நிமிடம் பேச்சை நிறுத்தி, கைபேசியைக் கொஞ்சம் இறக்கி, தொப்பி போட்டிருந்தால் எடுத்துவிட்டு நின்றால் போதும். முழந்தாளிட வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை.

சாம்பல்நிறம் | 16 மார்ச் 2025

நன்றி மணியோசை. அந்த வாசலில் நிற்கும் உதாரணம் எனக்குப் புரிகிறது. மிதிப்பதைப் பற்றிய என் சங்கடம் பாதி குறைந்தது. தேனீயைப் பற்றிய கேள்வி அப்படியே இருக்கிறது.

கற்றாழை | 16 மார்ச் 2025

அது நியாயமான கேள்வி. எனக்குத் தெரிந்த ஒரு குழுவைப் பற்றி மட்டும் சொல்ல முடியும். அவர்கள் நிறையப் பூவை வீட்டுத் தோட்டத்தில் அதற்கென்றே வளர்த்தார்கள். பூக்கடையில் விற்காமல் வாடிய ரோஜாவையும் கார்னேஷனையும் வாங்கிக் காயவைத்தார்கள். ஆனால் மலைக்குப் போய்ப் பறித்ததும் உண்டு, அதை மறைக்கவில்லை. ஒரு புதரை மொட்டையடிக்காமல் இங்கொன்றும் அங்கொன்றுமாகப் பறிக்க வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதைக் கேட்டேன். எல்லாரும் அப்படிச் செய்கிறார்களா என்று என்னால் உறுதி கொடுக்க முடியாது.

உப்புக்காற்று | 2 ஏப்ரல் 2025

ஒரு எச்சரிக்கை. நான் சில வருடம் முன்பு ஒரு சுற்றுலா ஏற்பாட்டாளர் வழியாக ரோமிலிருந்து ஒருநாள் பயணமாகப் போனேன். மலர்க்கம்பளம் பார்க்கலாம் என்று எழுதித் தந்தார்கள். வழியில் அசிசியில் நிறுத்தி, சாப்பிட வைத்து, ஸ்பெல்லோவில் இறக்கியபோது மதியம் இரண்டு மணி. பவனி முடிந்துவிட்டது. கலைந்த இதழும் தாளின் கிழிசலும்தான் இருந்தது. என் மனைவி அழுதேவிட்டாள். பேருந்தில் போகிறவர்கள் எத்தனை மணிக்கு ஊருக்குள் இருப்போம் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். காலை பத்து மணிக்குப் பின் என்றால் வேண்டாம்.

அந்த ஏமாற்றத்துக்கு அடுத்த வருடம் ஸ்பெயினின் தெனெரிஃபே தீவில் லா ஒரொத்தாவா ஊருக்குப் போனோம். அங்கே 1847ல் ஒரு குடும்பம் தன் வீட்டு வாசலில் போட்டுத் தொடங்கிய வழக்கம். தெருவில் பூ, நகர்மன்றச் சதுக்கத்தில் மட்டும் தெய்தே எரிமலைப் பகுதியின் மண். சாயமே இல்லாமல் சிவப்பு, காவி, சாம்பல், கருப்பு என்று மண்ணே அத்தனை நிறத்தில் வருகிறது. அந்தப் பெரிய படத்தைப் பல வாரமாகச் செய்கிறார்கள். அங்கே விழா கோர்ப்புஸ் கிறிஸ்தி வியாழனுக்குச் சரியாக ஒரு வாரம் கழித்து வரும் வியாழன். இத்தாலியைத் தவறவிட்டவர்கள் அதே ஆண்டில் அங்கே போகலாம்.

தூரதேசி | 20 ஏப்ரல் 2025

ஊருக்குள் அறை கிடைக்கவில்லை. ஃபொலீஞ்ஞோவில் இரண்டு இரவு எடுத்திருக்கிறேன். அங்கிருந்து ஸ்பெல்லோ ஐந்தாறு கிலோமீட்டர்தான், ரயிலில் அடுத்த நிறுத்தம். வேறு ஏதாவது கவனிக்க வேண்டுமா?

கற்றாழை | 20 ஏப்ரல் 2025

ஃபொலீஞ்ஞோ நல்ல தேர்வு. இரவு திரும்ப வாடகைக் கார் ஒன்றை முன்பே பேசி வைத்துவிடுங்கள், அன்றைக்குக் கைகாட்டினால் எதுவும் நிற்காது.

கம்பளத்துக்கும் சுவருக்கும் நடுவே சில இடத்தில் ஒரு ஆள் நடக்கும் அகலம்தான் இருக்கும். முதுகுப்பையை முன்னால் மாட்டிக்கொள்ளுங்கள். அம்மா சேலை கட்டுவார் என்றால் முந்தானையை இடுப்பில் செருகிக்கொள்ளச் சொல்லுங்கள். கைவிசிறி, அந்தக் கையடக்க மின்விசிறி எதையும் அங்கே வெளியில் எடுக்க வேண்டாம். குனிந்து பார்க்கும்போது கழுத்தில் தொங்கும் கேமராவை ஒரு கையால் பிடித்துக்கொள்ளுங்கள். இதெல்லாம் சின்ன விஷயம், ஆனால் அவர்களுக்கு உயிர் போகிற விஷயம்.

நேரம் இருந்தால் சாந்தா மரியா மஜ்ஜோரே கோவிலுக்குள் பின்தூரிக்கியோ 1501ல் முடித்த சுவரோவியங்கள் இருக்கும் சிற்றாலயத்தைப் பாருங்கள். ஓவியர் தம் முகத்தையும் ஒரு சட்டமிட்ட படம்போலச் சுவரில் மாட்டியதாக வரைந்து வைத்திருக்கிறார். திருவிழா நாளில் கூட்டமாக இருக்கும், வெள்ளிக்கிழமை போவது நல்லது.

தூரதேசி | 26 ஜூன் 2025

போய் வந்துவிட்டோம். இங்கே பதில் எழுதியவர்களுக்குக் கடன்பட்டிருக்கிறேன், அதனால் நடந்ததைச் சொல்கிறேன்.

சனி மாலை ஐந்தரைக்கு ரயில் இறங்கினோம். நல்ல வெயில். நிலையத்திலிருந்து கன்சோலாரே வாசல் வரை மெதுவாக நடந்தோம், பழைய ரோமானிய வாசல் அது. அங்கிருந்து ஏற்றம். அம்மா நான்கு இடத்தில் உட்கார்ந்தார். கற்றாழை அக்கா சொன்னபடி எல்லாவற்றையும் பார்க்க முயலவில்லை. பாதி ஏற்றத்தில் ஒரு வளைவில் ஒரு குழு வேலையைத் தொடங்கிக்கொண்டிருந்தது, அங்கேயே நின்றுவிட்டோம். அம்மா சுவரில் சாய்ந்து நிற்பதைப் பார்த்து எதிர்வீட்டுக்காரர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார். அம்மா உட்காரும் முன் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். அதைப் பார்த்துக் குழுவில் இருந்த ஒரு பெண் கைகூப்புவது போலச் செய்தார். எங்கள் பழக்கம் தெரிந்து செய்தாரா, அவர்கள் பழக்கமே அப்படியா தெரியவில்லை.

நாங்கள் பார்த்தது ஒரு பெண்ணின் முகம். நிறைய நேரம் ஒன்றும் தெரியவில்லை, பழுப்பும் ரோஸும்தான். இருபது வயதுப் பையன் ஒருவன் ஒரு கண்ணை மட்டும் செய்துகொண்டிருந்தான். கரும்பழுப்புப் பொடியை விரல் நுனியால் எடுத்து வைத்தான், எழுந்து நாற்காலி மேல் ஏறிப் பார்த்தான், இறங்கித் தூரிகையால் எல்லாவற்றையும் கூட்டி எடுத்துவிட்டான். மறுபடி வைத்தான், மறுபடி எடுத்தான். மூன்றாவது முறை வயதான ஒருவர் வந்து குனிந்து, கண்ணின் ஓரத்தில் நகம் அகலத்துக்கு நீல இதழ்த் துண்டு ஒன்றை வைத்தார். அவ்வளவுதான், அந்த முகம் எங்களைப் பார்க்கத் தொடங்கிவிட்டது. அப்பா என் கையைப் பிடித்தார். அதுவரை அவர் எப்போது அறைக்குப் போகலாம் என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

கார் பன்னிரண்டரைக்குச் சொல்லியிருந்தேன். அம்மா வர மறுத்துவிட்டார். ஓட்டுநரிடம் மன்னிப்புக் கேட்டு இரண்டு மணிக்கு மாற்றினேன். காத்திருக்கும்போது அந்த வீட்டுக்காரர் அம்மாவுக்குத் தண்ணீரும் ரொட்டியும் கொடுத்தார்.

காலை ஏழரைக்குத் திரும்பி வந்தோம். கித்தானையெல்லாம் எடுத்துவிட்டார்கள், வெயில் நேராக விழுந்தது. நடைபயணி, நீங்கள் சொன்னதும் உண்மை, அந்தக் காலை வெளிச்சத்தில் தெருவே வேறாக இருந்தது. முழு வரிசையையும் அப்போதுதான் பார்த்தோம், அப்பாவும் நானும் மேலே வரை போனோம். அம்மா அந்த வளைவிலேயே இருந்தார். இரவு வேலை செய்தவர்கள் சிலர் சுவரோரம் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பையனின் விரல்கள் பழுப்பாக இருந்தன.

பதினொன்றைத் தாண்டிப் பவனி வந்தது. முதலில் பாட்டு, அப்புறம் சிலுவை, அப்புறம் விதானத்துக்குக் கீழே கதிர்ப்பாத்திரம் ஏந்தியவர். மணியோசை சொன்னபடி கைபேசியை இறக்கிவிட்டேன். தெரு சட்டென்று அமைதியானது, செருப்பு இதழில் படும் சத்தம் மட்டும் கேட்டது. காய்ந்த இலையில் நடப்பதுபோல இல்லை, ஈரமான ஒரு சத்தம். அந்த முகத்தின் மேல் அவர் நடந்து போனார். நான் பையனைத்தான் பார்த்தேன். தலையைக் குனிந்து சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டான். அவன் முகத்தில் வருத்தம் எதையும் நான் பார்க்கவில்லை. சாம்பல்நிறம், உங்களுக்காகத்தான் கவனித்தேன்.

கூட்டம் கடந்த பிறகு அம்மா அந்தக் கண் இருந்த இடத்துக்குப் போக வேண்டும் என்றார். நிறங்கள் ஒன்றோடொன்று கலந்து கிடந்தன, நீலம் எங்கே என்று தெரியவில்லை. அம்மா மெதுவாகக் குனிந்தார், முட்டிவலியோடு. ஒரு பிடி எடுத்து முகர்ந்து எனக்கும் நீட்டினார். இரவில் இருந்ததைவிடச் சோம்பு வாசனை கூடியிருந்தது, மிதிபட்டுக் கசங்கியதால். அதைக் கைக்குட்டையில் முடிந்து எடுத்துவந்திருக்கிறார். ஊருக்குக் கொண்டுபோகிறாராம்.

மணியோசை | 26 ஜூன் 2025

படித்து முடித்ததும் தங்கைக்கு அனுப்பினேன். அந்தக் கைக்குட்டையை அம்மா பத்திரமாக வைத்துக்கொள்ளட்டும்.

சாம்பல்நிறம் | 27 ஜூன் 2025

அந்தப் பையனைக் கவனித்ததற்கு நன்றி. அடுத்த வருடம் நானே போய்ப் பார்க்கலாம் என்று இருக்கிறேன். தேதி என்ன வரும்?

பழையஏடு | 27 ஜூன் 2025

2026ல் உயிர்ப்பு ஞாயிறு ஏப்ரல் 5, அதனால் விழா ஜூன் 7. இரவு வேலை ஜூன் 6 சனி. அதற்கடுத்த ஆண்டு இன்னும் முன்னால், மே 30. ஊருக்குள் அறை வேண்டுமென்றால் இப்போதே எழுதிக் கேளுங்கள்.

கற்றாழை | 27 ஜூன் 2025

சாம்பல்நிறம், வெள்ளிக்கிழமையே வந்துவிடுங்கள். நானும் வருகிறேன். பூவை எங்கே எப்படிப் பறிக்கிறார்கள் என்று நேரிலேயே கேட்கலாம், நான் மொழிபெயர்க்கிறேன். பதில் சொல்வதற்கு முன் நம் இருவர் மடியிலும் ஒரு கூடையை வைத்துவிடுவார்கள், காம்பின் பச்சை கலக்காமல் எடுக்க வேண்டும்.